காப்பியும் மரபணுவும்: குவளை ஒன்று, உடம்பு வேறு

1652-ஆம் ஆண்டு, லண்டன் கார்ன்ஹில் பகுதியிலுள்ள செயின்ட் மைக்கேல்ஸ் சந்தில் பாஸ்குவா ரோசி என்பவர் ஒரு காப்பிக்கடை திறந்தார். லண்டனின் முதல் காப்பிக்கடை அதுவே. தம் சரக்கைப் பற்றி அவர் அச்சிட்ட துண்டறிக்கை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தலைவலி, மூட்டுவாதம், நீர்க்கோவை என்று பல நோய்களுக்குக் காப்பியை அதில் பரிந்துரைக்கிறார். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரவு உணவுக்குப் பிறகு காப்பி குடிக்க வேண்டாம், மூன்று நான்கு மணி நேரம் உறக்கம் வராது என்கிறார்.

நோய்ப் பட்டியலை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. எச்சரிக்கை மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நான்கு மணி நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே வீட்டில், ஒரே டிகாஷனில் கலந்த காப்பியை இரவு ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டுப் பத்து மணிக்குக் குறட்டை விடுபவரும் உண்டு. மாலை நான்கு மணிக் காப்பிக்கே நள்ளிரவு வரை புரண்டு படுப்பவரும் உண்டு. பழக்கம், வயது, மனநிலை என்று இதற்குப் பல காரணங்கள் சொல்வோம். அவற்றோடு பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதைக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

உறக்கத்தோடு முடிந்தால் இது வீட்டுப் பேச்சாகவே இருந்துவிடும். ஒருவர் உடம்பில் காப்பி நீண்ட நேரம் தங்குமானால், அதனால் அவர் இதயத்துக்குக் கேடு உண்டா என்ற கேள்வி அதைத் தொடர்ந்து எழுகிறது. லண்டன் வாழ் தமிழருக்கு இது அக்கறையுள்ள கேள்வி. தெற்காசியரிடையே நீரிழிவும் மாரடைப்பும் ஐரோப்பியரைவிட மிகுதி. அவை இளவயதிலேயே வருவதும் மிகுதி. இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று லண்டனில்தான் நடந்தது. மெக்கீக், ஷா, மார்மட் ஆகியோர் 1991-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட அந்த ஆய்வில், தெற்காசியரில் 19 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஐரோப்பியரில் அது 4 விழுக்காடுதான்.

உடம்புக்குள் காஃபீன்

காப்பியில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் உள்ளன. உறக்கத்தைக் கலைப்பது அவற்றில் ஒன்றான காஃபீன். 1819-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ருங்கே இதைத் தனியே பிரித்தெடுத்தார். காப்பிக் கொட்டைகளைக் கையில் கொடுத்து அவரை ஆராயத் தூண்டியவர் மகாகவி கோதே என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் அமரும்போது களைப்பும் தூக்கமும் வருகின்றன. காஃபீன் வடிவத்தில் அடினோசினை ஒத்தது. நெரிசலான பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அடினோசினுக்கு இடம் கிடைக்காததால் தூக்கம் தள்ளிப்போகிறது.

குடித்த காஃபீன் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும். அதை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அங்கே சிஒய்பி1ஏ2 என்ற நொதி மட்டும் சுமார் 95 விழுக்காட்டுக் காஃபீனைக் கவனித்துக்கொள்கிறது. இரத்தத்திலுள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆனால் நல்ல உடல்நலமுள்ளவர்களிலேயே சிலருக்கு இரண்டு மணி நேரம் போதும். சிலருக்கு ஒன்பது மணி நேரம் வேண்டும். மாலை நான்கு மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, முதலாமவருக்கு ஆறு மணிக்கே கழிந்துவிடும். இரண்டாமவருக்கோ பின்னிரவு ஒரு மணிக்கும் அந்தப் பாதி இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

விரைவும் மெதுவும்

சிஒய்பி1ஏ2 நொதியைச் செய்வதற்கான குறிப்பு நம் 15-ஆவது குரோமோசோமில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகள் எல்லோரிடமும் உண்டு. இந்த மரபணுவின் ஓரிடத்தில் சிலருக்கு 'ஏ' என்ற எழுத்தும் சிலருக்கு 'சி' என்ற எழுத்தும் இருக்கும். இரு படிகளிலும் 'ஏ' உள்ளவர்கள் காஃபீனை விரைவாகக் கழிப்பவர்கள் என்றும், ஒரு படியிலேனும் 'சி' உள்ளவர்கள் மெதுவாகக் கழிப்பவர்கள் என்றும் ஆய்வுகளில் பிரிக்கிறார்கள்.

இந்தப் பிரிவினை சொல்லும் அளவுக்குக் கறாரானதன்று. 1999-இல் பெர்லின் ஆய்வாளர்கள் இதைக் காஃபீன் கொடுத்தே சோதித்தார்கள். புகைபிடிப்போரிடம் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. புகைபிடிக்காதவர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. புகையிலைப் புகை இந்த நொதியை முடுக்கிவிடும் தன்மையது. முடுக்கினால் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதையே அந்த எழுத்து பெரிதும் தீர்மானிக்கிறது எனலாம்.

பங்கேற்கும் மரபணு இது ஒன்றே அன்று. 7-ஆவது குரோமோசோமிலுள்ள ஏஹெச்ஆர் என்ற மரபணு, சிஒய்பி1ஏ2 எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அடோரா2ஏ என்ற மரபணு, மூளையில் அடினோசின் அமரும் ஏற்பியைச் செய்கிறது. அதன் ஒரு வகையைப் பெற்றவர்களுக்குக் காப்பி குடித்தால் படபடப்பு வருவது கூடுதல். எனவே ஒருவருக்குக் கல்லீரல் விரைவாக வேலை செய்தும் மூளை மிகையாக உணரலாம். இன்னொருவருக்கு இது தலைகீழாக இருக்கலாம்.

கோஸ்டா ரிக்காவில் அடித்த எச்சரிக்கை மணி

2006-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு பலரைத் திடுக்கிட வைத்தது. கோஸ்டா ரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 2,014 பேரையும், அவர்களுக்கு இணையாக மாரடைப்பு வராத 2,014 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு அது. நாள்தோறும் நான்கு குவளையோ அதற்கு மேலோ காப்பி குடித்த 'மெதுவானவர்'களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 64 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. இரண்டு மூன்று குவளைக்கு 36 விழுக்காடு. 'விரைவானவர்'களுக்கோ எவ்விதக் கூடுதலும் இல்லை.

ஒரே பானம் ஒருவருக்கு நஞ்சு, மற்றவருக்குக் கேடற்றது என்ற கதை பத்திரிகைகளுக்கு மிகப் பிடித்துப்போனது. 2009-இல் இத்தாலியிலிருந்து இதே போக்கில் இன்னொரு முடிவு வந்தது. இரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்த இளவயதினரில், மெதுவாகக் கழிப்பவர்களுக்குக் காப்பியால் அழுத்தம் மேலும் உயரும் வாய்ப்பு அதிகம் என்றார்கள் பாலத்தீனியும் அவர் குழுவினரும். எச்சிலை அனுப்பினால் காப்பி மரபணுவைச் சொல்லும் சோதனைகள் விற்பனைக்கு வந்தன. இன்றும் விற்கப்படுகின்றன.

பிரித்தானியாவின் ஐந்து இலட்சம் பேர்

கதையின் அடுத்த பகுதி பிரித்தானியாவில் எழுதப்பட்டது. 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயது வரையுள்ள சுமார் 5 இலட்சம் பேர் தங்கள் இரத்தம், பழக்கவழக்கம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை ஆராய்ச்சிக்காக ஒப்படைத்தார்கள். 'யுகே பயோபேங்க்' எனப்படும் இந்தக் களஞ்சியம் உலகின் பல ஆய்வாளர்களுக்கும் திறந்திருக்கிறது.

2018-இல் லாஃப்ட்ஃபீல்டும் குழுவினரும் இதில் 4,98,134 பேரின் காப்பிப் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். பத்தாண்டுகளில் அவர்களில் 14,225 பேர் இறந்திருந்தார்கள். காப்பி குடிப்பவர்களிடையே இறப்பு சற்றுக் குறைவாகவே இருந்தது. மரபணுப்படி காஃபீனை மெதுவாகக் கழிப்பவர்களிடமும் இதே நிலைதான். காஃபீன் நீக்கிய காப்பி குடித்தவர்களிடமும் இதுவே தெரிந்ததால், நன்மை எதுவாயினும் அது காஃபீனிலிருந்து மட்டும் வரவில்லை என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

2019-இல் ஜோ, ஹிப்போனென் என்ற இருவர் அதே களஞ்சியத்தின் 3,47,077 பேரிடம் இதயநோயை மட்டும் தேடினார்கள். நாளொன்றுக்கு ஆறு குவளைக்கு மேல் குடித்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு 22 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் விரைவு, மெதுவு என்ற மரபணு வேறுபாட்டால் இந்தக் கணக்கு மாறவில்லை. கோஸ்டா ரிக்கா முடிவை இந்தப் பெரிய தொகுதி உறுதிசெய்யவில்லை.

ஏன் இந்த முரண்பாடு? கோஸ்டா ரிக்காவில் மாரடைப்பு வந்த பிறகே முந்தைய பழக்கத்தைக் கேட்டார்கள். நினைவு தடுமாறுவது இயல்பு. பிரித்தானியாவில் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கக்கூடும்.

அளவைச் சொல்வது யார்?

2011-இல் 47,341 பேரின் மரபணுத் தொகுதியை அலசிய ஓர் ஆய்வு, யார் எவ்வளவு காப்பி குடிக்கிறார்கள் என்பதோடு தொடர்புடைய இடங்களைத் தேடியது. மேலே எழுந்து நின்றவை ஏஹெச்ஆரும் சிஒய்பி1ஏ2-உம்தான். 2014-இல் 1,20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு இதை மேலும் விரித்து எட்டு இடங்களைக் காட்டியது. காஃபீனை விரைவாகக் கழிப்பவர்கள் கூடுதலாகக் குடிக்கிறார்கள், மெதுவாகக் கழிப்பவர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள் என்பதே இவற்றின் சாரம். மரபணுவைப் பற்றி ஏதும் அறியாமலேயே, "எனக்கு ஒன்று போதும்" என்று ஒருவர் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறார். மற்றவர் இரண்டாவது டோஸுக்குப் பாத்திரத்தை எட்டிப் பார்க்கிறார்.

நாக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2018-இல் பயோபேங்க் தரவைக் கொண்டு செய்த ஆய்வில், காஃபீனின் கசப்பை மிகுதியாக உணரும் மரபணு கொண்டவர்கள் காப்பியை வெறுப்பதற்குப் பதிலாகக் கூடுதலாகவே குடித்தார்கள். தேநீரைக் குறைவாகக் குடித்தார்கள். அந்தக் கசப்பைக் கிளர்ச்சியோடு சேர்த்துப் பழகிக்கொண்டார்கள் போலும்.

உடம்பு எல்லா நேரமும் சரியாகக் கணக்குப் போடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. 2010-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ரோஜர்ஸ் நடத்திய சோதனையில், படபடப்பு தரும் அடோரா2ஏ வகையைப் பெற்றவர்கள் காப்பியிலிருந்து ஒதுங்கவில்லை. நாள்தோறும் குடித்துப் பழகியதில் படபடப்பே அவர்களுக்கு மங்கிப்போயிருந்தது.

2023-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி, பிரிஸ்டல், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். மரபணு பிறவியிலேயே குலுக்கல் முறையில் வந்து சேர்வது. எனவே மெதுவாகக் கழிக்கும் மரபணுவைப் பெற்றவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டால், இயற்கையே நடத்திய ஒரு சோதனையைப் படிப்பது போலாகும். மெதுவானவர்கள் குறைவாகவே குடிப்பார்கள். ஆயினும் அவர்கள் இரத்தத்தில் காஃபீன் கூடுதலாக இருக்கும். இப்படிப் பிறவியிலேயே காஃபீன் அளவு கூடியவர்களுக்கு உடல் எடையும், இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் சற்றுக் குறைவாக இருந்தன. இதயநோயோடு தொடர்பு தென்படவில்லை. 2006-இல் ஐயத்துக்கு உள்ளான அதே மரபணு வகை, இங்கே ஒரு சிறு பாதுகாப்பின் அடையாளமாக நிற்கிறது.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. அதே 2023-இல், முன்பு சொன்ன இத்தாலியக் குழுவினரைத் தொடர்ந்து கவனித்ததில், ஏற்கெனவே இரத்த அழுத்தம் கூடியிருந்த மெதுவானவர்கள் நாளுக்கு மூன்று குவளைக்கு மேல் குடித்தபோது சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள் இரண்டு மடங்குக்கும் மேலாகத் தெரிந்தன. ஆகவே, நலமாக இருப்பவருக்குக் கிடைத்த ஆறுதலை இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அப்படியே நீட்டிவிட முடியாது.

நம்மவர் எங்கே?

மேலே சொன்ன ஐந்து இலட்சம் பேரில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் வெள்ளையர்கள். இத்தாலியின் ஆய்வும் ஐரோப்பியரைப் பற்றியதே. ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழருக்கு இந்த முடிவுகள் எந்த அளவு பொருந்தும்?

இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. உலக மக்களின் மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்ட 'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்' 2015-இல் தன் இறுதி முடிவுகளை வெளியிட்டது. 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். அந்த 26-இல் ஒன்று 'பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்'. 102 பேரின் மரபணுத்தொகுதி முழுவதும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் இருக்கிறது. சிஒய்பி1ஏ2-இல் யாருக்கு 'ஏ', யாருக்கு 'சி' என்பது உட்பட.

ஆனால் அந்தத் திட்டம் உடல்நலக் குறிப்புகளைச் சேகரிக்கவில்லை. அந்த 102 பேரும் காப்பி குடித்தார்களா, தேநீரா, யாருக்கு நீரிழிவு, யாருக்கு நெஞ்சுவலி என்ற விவரம் ஏதும் அதில் இல்லை. எழுத்து இருக்கிறது, வாழ்க்கை இல்லை. எழுத்தும் வாழ்க்கையும் ஒருசேரக் கிடைக்கும் 'ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்' என்ற பெருந்திட்டத்தை லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் 2015-இல் கிழக்கு லண்டனில் தொடங்கியது. அது வங்காளதேச, பாகிஸ்தானிய வழியினருக்கானது.

மற்றொரு சிக்கல், குவளைக்குள் இருப்பதே வேறு. பயோபேங்கில் உடனடிக் காப்பி குடிப்பவர்களே அதிகம். நம்முடையதோ சிக்கரி கலந்த தூளில் இறக்கிய டிகாஷனும் பாலும் சர்க்கரையும். சிக்கரியில் காஃபீன் இல்லை. அது கூடக் கூடக் காஃபீன் குறையும். ஆங்கில ஆய்வுகளில் 'பில்டர் காப்பி' என்றால் காகிதத்தில் வடிகட்டியது. கெட்ட கொழுப்பை உயர்த்தும் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருளைக் காகிதம் பிடித்துக்கொள்ளும். நம் பித்தளை பில்டரின் துளைகள் காகிதத்தைப் போல் அதைத் தடுப்பதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் அந்த ஆய்வின் நற்சான்றிதழை நம் டபராவில் ஒட்டிவிடக் கூடாது.

ஈழத்து வீடுகளில் கோப்பியைவிடத் தேநீரே பெரிதும் புழங்குகிறது. 1869-இல் இலங்கையில் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய், கோப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதன் விளைவு அது. தேநீரிலும் இருப்பது அதே காஃபீன். கழிப்பதும் அதே நொதி. எனவே மாலைத் தேநீர் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சொல்பவரை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை.

கையில் உள்ளவை

மரபணுவை மாற்ற முடியாது. ஆனால் சிஒய்பி1ஏ2-இன் வேகத்தை மாற்றும் வேறு சில, மரபணுவைவிட வலியவை.

கருவுற்ற காலத்தில் இந்த நொதி மிகவும் மந்தமாகிறது. கடைசி மாதங்களில் காஃபீன் பாதியாகப் பதினைந்து மணி நேரம் வரை ஆகலாம். கருவிலுள்ள குழந்தைக்கு அதைக் கழிக்கும் திறனும் இல்லை. இங்குள்ள தேசிய சுகாதார சேவை, கருவுற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்துள்ளது. அதன் கணக்குப்படி ஒரு மக் உடனடிக் காப்பியில் 100, வடிகட்டிய காப்பியில் 140, தேநீரில் 75 மில்லிகிராம். இரண்டு மக் உடனடிக் காப்பியோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும். மற்றப் பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம் வரை கேடில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015-ஆம் ஆண்டு முடிவு.

கருத்தடை மாத்திரை காஃபீன் தங்கும் நேரத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், ஃப்ளூவாக்சமின் போன்ற மருந்துகளும் நொதியைத் தடுக்கும். புகைபிடிப்பதை விட்டவருக்கு நொதி சில நாட்களிலேயே வேகம் குறைகிறது. பழைய அளவிலேயே காப்பி குடித்தால் கை நடுங்கும், தூக்கம் கெடும். சிகரெட்டை விட்டதன் விளைவு என்று எண்ணி அவர் மறுபடி பற்றவைக்கக்கூடும். குறைக்க வேண்டியது காப்பியை.

இரத்த அழுத்தமோ கொழுப்போ கூடியிருப்பவர்கள், காப்பிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து பார்ப்பதும், காகிதத்தில் வடிகட்டிப் பார்ப்பதும் எச்சில் சோதனைக்குக் கட்டும் பணத்தைவிடப் பயன் தரும். நீரிழிவு உள்ளவருக்கு டம்ளரிலுள்ள சர்க்கரையே முதல் கணக்கு. அதற்கு மரபணு தேவையில்லை.

காப்பி தமிழ் வீட்டுக்குள் நுழைந்தபோது எழுந்த வரவேற்பையும் கலக்கத்தையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் சுவைபட எழுதியிருக்கிறார். காப்பி ஒரு சமூகத்துக்கு நல்லதா கெட்டதா என்று அன்று வாதிட்டார்கள். இன்று ஒருவருக்கு நல்லதா என்று கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். அதற்கு விடை சொல்லத் தமிழரின் எழுத்தும் வாழ்க்கையும் ஒரே ஏட்டில் பதிவாக வேண்டும். பிரித்தானியாவில் 50 இலட்சம் பேரைச் சேர்க்கும் நோக்கோடு 2022-இல் தொடங்கிய 'அவர் ஃபியூச்சர் ஹெல்த்' திட்டத்தில், 18 வயது நிரம்பிய எவரும் இனவேறுபாடின்றிச் சேரலாம். நம்மவர் அதில் எத்தனை பேர் இடம் பெறுகிறார்களோ, அந்த அளவுக்கே நம் காப்பியைப் பற்றி மருத்துவம் நமக்குச் சொல்ல முடியும்.